கூட்டுத் தேகப்பயிற்சியால் உடம்பு மாறுமா?



ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் பத்து பகாட்டிலும் குளுவாங்கிலும் விடுமுறை நாள் காலையில் திடல் பக்கம் போகிறவர்கள் ஒரு காட்சியைக் காண்பார்கள். ஒலிபெருக்கியில் இசை முழங்கும். முன்னே ஒருவர் நின்று கைகால்களை வீசிக் காட்டுவார். பின்னே முப்பது நாற்பது பேர் அவரைப் பார்த்து அப்படியே செய்வார்கள். மலாய்க்காரர்கள் இதைச் செனாம்ரோபிக் என்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஜிம்களில் நடத்தும் வகுப்புகளுக்கு ஜும்பா முதலிய பல பெயர்கள் உண்டு.

கடை திறக்கப் புறப்பட்ட நம்மவர் ஒருவர் இதைப் பார்த்து, "இப்படிக் குதித்தால் தொந்தி கரைந்துவிடுமா?" என்று சிரித்துக்கொண்டே போகிறார். இன்னொருவர் இரண்டு மாதம் ஒழுங்காகப் போனார். பிறகு தராசில் ஏறிப் பார்த்தார். ஒரு கிலோதான் குறைந்திருந்தது. "நேரமும் வீண், பணமும் வீண்" என்று நிறுத்திவிட்டார்.

முதலாமவர் செய்து பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார். இரண்டாமவர் செய்து பார்த்தார். ஆனால் தவறான அளவுகோலை வைத்து அளந்தார். உண்மை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது பொழுதுபோக்குக்காக ஆராயும் விஷயம் அன்று. மலேசியச் சுகாதார அமைச்சு 2023இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் வயது வந்தவர்களில் 100க்கு 15.6 பேருக்கு நீரிழிவு இருக்கிறது. 100க்கு 54.4 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். நம் இந்திய வம்சத்தாரிடம் நீரிழிவு மற்றவர்களைக் காட்டிலும் அதிகம். ஒருவர் சம்பாத்தியத்தில் ஒரு குடும்பமும், ஒருவர் கையெழுத்தில் ஒரு கடையும் நடக்கிற தொழில் நம்முடையது. முதலாளிக்குப் பக்கவாதம் வந்தாலோ, கால் விரலில் பட்ட புண் ஆறாமல் போனாலோ, கடையின் கதி என்ன ஆகும் என்பதை நாம் பலமுறை கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு

நாம் கணக்குத் தெரிந்தவர்கள். ஆதலால் கணக்கிலேயே தொடங்குவோம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் வகுப்பில் நன்றாக ஆடினால் ஏறத்தாழ 400 கலோரி செலவாகும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் 800 கலோரி. அப்படியானால், சாப்பாட்டில் எந்த மாற்றமும் செய்யாதவர் ஒரு கிலோ குறைய ஒன்பது பத்து வாரம் ஆகும். இரண்டு மாதத்தில் ஒரு கிலோ குறைந்த நம் நண்பருக்குக் கணக்குச் சரியாகத்தான் வந்திருக்கிறது. அவர் எதிர்பார்த்ததுதான் பிசகு.

அதுவும் செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் வருவது. வகுப்பு முடிந்ததும் நாலு பேராக உணவகத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ரொட்டி சானாயும் ஒரு கிளாஸ் தே தாரிக்கும் சாப்பிட்டால், ரொட்டியில் 300 கலோரி, பால்தகரமும் சீனியும் சேர்ந்த தேயிலையில் 100க்கு மேல். ஒரு மணி நேர உழைப்பின் இலாபம் பத்து நிமிஷத்தில் போய்விட்டது. ஆகவே, எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில் நடக்கிற காரியம். பயிற்சியை மட்டும் நம்பி எடையைக் குறைக்கப் புறப்பட்டவர்கள் ஏமாற்றமடைவார்கள்.

அப்படியானால் பயிற்சியால் பயனே இல்லையா? உண்டு. மிகப் பெரிய பயன் உண்டு. அது தராசில் தெரிவதில்லை.

சென்னையில் செய்து பார்த்தார்கள்

வெள்ளைக்காரர் உடம்பில் கண்டதை நம் உடம்புக்கு எப்படிப் பொருத்துவது என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நல்லவேளையாக, நம்மில் பலருடைய பூர்வீகமான தமிழ்நாட்டிலேயே, நம்மைப் போன்ற மக்களிடமே இது சோதிக்கப்பட்டிருக்கிறது.

டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2006இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு நடையும் உணவு ஒழுங்கும் சொல்லிக் கொடுத்துத் தொடர்ந்து ஊக்கமூட்டினார்கள். மூன்று ஆண்டு முடிவில், பொதுவான ஆலோசனையோடு விடப்பட்ட பிரிவில் 100க்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகளாகிவிட்டனர். நடை, உணவு ஒழுங்கைக் கடைப்பிடித்த பிரிவில் 100க்கு 39 பேரே அவ்வாறு ஆயினர். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் யாதெனில், அவர்களுடைய எடை சொல்லத்தக்க அளவில் குறையவே இல்லை. தராசு அசையவில்லை, நோயோ பலரிடம் அணுகவில்லை.

அது தனித்தனி ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தது. கூட்டு வகுப்பு என்றால் எப்படி இருக்கும் என்பதையும் சென்னையிலேயே பார்த்தார்கள். டாக்டர் வி. மோகன் தலைமையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய சோதனை 2016இல் வெளியாயிற்று. எடை மிகுந்து, சர்க்கரை சற்றே கூடியிருந்த 578 பேர் அதில் பங்கு கொண்டனர். ஒரு பாதியினர் ஆறு மாத காலம் வாரந்தோறும் கூட்டமாக வகுப்புக்கு வந்தார்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் உடற்பயிற்சி, உணவைப் பற்றிய பாடம், எடையைக் குறித்து வைத்தல் ஆகியவை அந்த வகுப்பின் வேலைகள். பிறகும் அபாயம் நீங்காதவர்களுக்கு மெட்பார்மின் மாத்திரை கொடுக்கப்பட்டது. மூன்று ஆண்டில், வகுப்பில்லாத பிரிவில் 100க்கு ஏறத்தாழ 35 பேருக்கு நீரிழிவு வந்தது. வகுப்புக்கு வந்த பிரிவில் ஏறத்தாழ 26 பேருக்கு வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடமும் ஆண்களிடமும் பயன் கூடுதலாகக் காணப்பட்டது.

இதிலுள்ள குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வகுப்புக்கு வந்தவர்களில் 100க்கு 72 பேருக்கு மாத்திரையும் தேவைப்பட்டது. நாலில் ஒருவருக்கு, எல்லாம் செய்தும் நோய் வரவே செய்தது. ஆகவே வகுப்பு மந்திரக்கோல் அன்று. ஆனால் பத்துப் பேர் ஒழுங்காக இந்த ஏற்பாட்டில் சேர்ந்திருந்தால், அவர்களில் ஒருவர் அந்நோயிலிருந்து காப்பாற்றப்படுகிறார் என்பது அந்தச் சோதனையின் முடிவு. அந்த ஒருவர் நம் வீட்டுக்காரராக இருக்கலாம் அல்லவா?

உடம்புக்குள் நடப்பது என்ன?

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வது தசைகள். தசை வேலை செய்யும்போது இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. வேலை நின்ற பிறகும் ஒருநாள், இரண்டுநாள் வரை அதன் பசி அடங்குவதில்லை. அதனால்தான் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்கிறார்கள். வாரத்தில் ஒரே நாள் மூன்று மணி நேரம் ஆடுவதைவிட, நாலு நாள் முக்கால் மணி நேரம் ஆடுவது மேல்.

முதல் சில வாரங்களில் தசை பருக்காது. ஆனால் நரம்புகள் அதை நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால் வலிமை கூடும். அரிசி மூட்டையைத் தூக்கும்போது முன்பிருந்த மூச்சிரைப்பு இல்லையே என்று தோன்றுவது இந்தக் கட்டத்தில்தான். இரண்டு மூன்று மாதத்தில் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக இரத்தத்தைத் தள்ளும். இரத்தக் கொதிப்பு உடையவர்களுக்கு மேல் அளவு சராசரி 5 முதல் 8 வரை குறையும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பு கரையத் தொடங்கும். தசை சற்றுக் கூடி, கொழுப்பு சற்றுக் குறைந்தால் எடை அப்படியே இருக்கும். பெல்ட்டில் மட்டும் ஒரு துளை உள்ளே போகும்.

கூட்டம் எதற்கு? தனியே செய்தால் ஆகாதா?

ஆகும். தசைக்குக் கூட்டம் தெரியாது. தனியே நடந்தாலும் அதே பலன்தான். ஆனால் தனியே நடப்பேன் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் மூன்றாம் மாதத்திலும் நடக்கிறார்கள் என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். மழை ஒருநாள், சரக்கு லாரி ஒருநாள், விருந்தாளி ஒருநாள் என்று போய்விடும். வகுப்பில் ஒருநாள் வராவிட்டால், "எங்கே நேற்று காணோம்?" என்று கேட்க நாலு பேர் உண்டு. அந்தக் கேள்விக்குப் பயந்தாவது கால் நடக்கும்.

மனத்துக்கும் கூட்டம் உதவுகிறது. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 69 மருத்துவ மாணவர்களைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். கூட்டு வகுப்புக்குச் சென்றவர்களின் மனச்சுமை 100க்கு 26 பங்கு குறைந்தது. தனியே பயிற்சி செய்தவர்கள் இருமடங்கு நேரம் செலவிட்டும் அந்த அளவு மாற்றம் காணவில்லை. எந்தப் பிரிவில் சேர்வது என்பதை மாணவர்களே தேர்ந்துகொண்டார்கள். ஆகவே இதை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. ஆயினும், கடன் பாக்கியையும் வாடகையையும் நினைத்து இரவில் புரளுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

"நாள் முழுவதும் கடையில் நிற்கிறேனே!"

நம்மவர் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. 1953இல் லண்டன் நகர டாக்டர் மாரிஸ் என்பவர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டார். மாடி பஸ்ஸில் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு அதிகம். இருவரும் ஒரே வண்டியில் வேலை செய்தவர்கள்தாம். நம் கடையிலும் இதே நிலைதான். மூட்டை சுமந்து படியேறுகிற வேலையாள் கண்டக்டர். கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளி டிரைவர். ஓரிடத்தில் நிற்பது கால்வலியைத் தருமே தவிர, இருதயத்தைப் பழக்காது. மூச்சு வாங்கும்படி, ஆனால் பேச முடியும்படி உடம்பு அசைய வேண்டும்.

தொடங்குகிறவர்களுக்கு

1. நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, கொதிப்பு, நெஞ்சுவலி உள்ளவர்களும் டாக்டரிடம் காட்டிய பிறகே சேர வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நோன்பு மாதத்தில் நேரத்தையும் அவரிடமே கேட்க வேண்டும்.

2. சேரும் நாளில் நான்கு அளவுகளைக் குறித்து வையுங்கள்: இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, அரை நிமிஷத்தில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்பது. பன்னிரண்டு வாரம் கழித்து மீண்டும் அளவெடுங்கள். ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80க்கும் குறைவாக இருப்பது நலம்.

3. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 நிமிஷம். இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. ஆட்டம் மட்டும் உள்ள வகுப்பானால், உட்கார்ந்தெழுதல், சுவரில் கையூன்றி உந்துதல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. ஜொகூரில் 2025 ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டது. அந்நாட்களில்தான் நமக்குக் கடையில் கூட்டம். ஆகவே ஊரார் வகுப்பு நமக்கு ஒத்துவராது. சுபுஹு தொழுகை முடிந்து கடை திறப்பதற்கு முன்னுள்ள நேரமே நமக்கு ஏற்றது, வெயிலும் இராது. புகைமூட்டம் உள்ள நாட்களில் வீட்டுக்குள் செய்யலாம்.

5. நீரிழிவு உள்ளவர்கள் செருப்போடு ஆடக்கூடாது. காலை மூடும் சப்பாத்து அணிந்து, முடிந்ததும் பாதங்களைப் பார்க்க வேண்டும்.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் எட்டுப் பத்துப் பேர், தங்கள் வேலையாட்களையும் சேர்த்துக்கொண்டு, பயிற்சி தெரிந்த ஒருவரை வைத்து வாரம் நாலு நாள் கூடினால் போதும். வீட்டுப் பெண்களுக்குத் தனி இடத்தில் அவர்களுக்கேற்ற வகுப்பு வைக்கலாம். வீட்டுச் சமையல் அவர்கள் கையில் இருப்பதால், அவர்கள் இதை அறிந்துகொள்வது இரட்டிப்பு நன்மை.

ஆகவே, கூட்டுப் பயிற்சியால் உடம்பு மாறுமா என்ற கேள்விக்கு விடை இதுதான்: மாறும், தவறாமல் வருகிறவனுக்கு, தட்டையும் கவனிக்கிறவனுக்கு, மூன்று மாதமாவது பொறுக்கிறவனுக்கு மாறும். இரண்டு மாதத்தில் விட்டுவிட்ட நம் நண்பர் தராசை ஒரு மூலையில் வைத்துவிட்டு, ஓர் அளவுநாடாவோடு மறுபடி வரட்டும். இந்த முறை அவரைத் தனியே விடாமல், அடுத்த கடைக்காரரும் கூடச் செல்வாராக.