சனிக்கிழமைச் சம்பளம் இல்லாத வேலை

"சம்பளம் சனிக்கிழமை குடுத்துருவாகளா?"

முதல்முறை வக்கீல் ஆபீஸுக்கு இன்டர்ன்ஷிப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்டது இதைத்தான். சிவகாசிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் தாயில்பட்டியில் வீட்டுக் கணக்கு சனிக்கிழமையைச் சுற்றித்தான் ஓடும். பட்டாசு ஆலைக் கூலி கைக்கு வருவதும் அன்றுதான், மளிகைக்கடைப் பாக்கி தீர்வதும் அன்றுதான். சம்பளம் கிடையாது, பஸ் காசும் நம்முடையது, மதியச் சாப்பாடும் நாமே கட்டிக்கொண்டு போக வேண்டும் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அவுக உனக்குச் சொல்லிக் குடுக்காகளா, இல்ல நீ அவுகளுக்கு வேலை பாக்கியா?" என்றார். இந்தத் தொழிலுக்கு வந்து ஏழு வருடமாகிறது. இன்டர்ன்ஷிப்பைப் பற்றி இதைவிட நேரான கேள்வியை நான் இன்னும் கேட்கவில்லை.

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம். "அக்கா, ஸ்டைபண்ட் உண்டான்னு கேட்கலாமா? கேட்டா வர வேண்டாம்னு சொல்லிருவாங்களா?" அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்திலிருந்து சட்டம் படிக்கப் போயிருக்கிற மற்றத் தங்கச்சிகளுக்கும் ஆகும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வாட்ஸப்பில் "இன்டர்ன்களுக்கு 15,000 ரூபாய் கட்டாயம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அதை நம்பிக்கொண்டு போய் நிற்காதே. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது ஜூனியர் வக்கீல்களைப் பற்றி: சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் மாதம் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்றது. அதே வருடம் அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், கட்டாயமில்லை. இரண்டுமே படிப்பு முடித்து, என்ரோல் செய்து, சீனியரிடம் சேர்ந்தவர்களுக்கு. படித்துக்கொண்டே நான்கு வாரம் வந்து போகிற இன்டர்னுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

பார் கவுன்சிலின் 2008ஆம் வருட சட்டக் கல்வி விதிகள் நம்மிடம் கேட்பது வாரக் கணக்கு. ஐந்து வருடப் படிப்புக்கு 20 வாரம், மூன்று வருடப் படிப்புக்கு 12 வாரம். ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்ற வக்கீல், மேல்முறையீட்டு வக்கீல் இருவரிடமும் ஒருமுறையாவது இருந்திருக்க வேண்டும். காசைப் பற்றி விதி வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸ் போனால் 1961ஆம் வருடச் சட்டம் அவனுக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுக்கிறது. ஆடிட்டரிடம் சி.ஏ. பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்கு அவர்கள் நிறுவனமே குறைந்தபட்சத் தொகையை எழுதிவைத்திருக்கிறது. கோர்ட்டில் சாட்சி சொல்ல வருகிறவருக்கும் பேட்டா உண்டு. சட்டம் படிக்கிறவளுக்குத்தான் சட்டத்தில் ஒன்றுமில்லை!

அதனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எப்போது கேட்பது என்பதில்தான் சூட்சுமம். முதல் விண்ணப்பத்திலேயே கேட்காதே. போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்தும் கேட்காதே. "சரி, வாம்மா" என்று அவர்கள் சொன்ன பிறகு, நீ டிக்கெட் போடுவதற்கு முன்னால், அந்த இடைவெளியில் கேள். இப்படி எழுது: "வாய்ப்புக்கு நன்றி சார். மே முதல் வாரத்திலிருந்து நான்கு வாரம் வருகிறேன். வெளியூரிலிருந்து வந்து தங்க வேண்டியிருக்கிறது. தங்கள் அலுவலகத்தில் இன்டர்ன்களுக்கு உதவித்தொகையோ பயணச் செலவோ தரும் வழக்கம் உண்டா என்று தெரிவித்தால், அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வேன்." வழக்கம் உண்டா என்று கேட்கிறவளிடம் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இல்லை என்றால் இல்லை என்பார்கள், அவ்வளவுதான். அப்படிக் கோபப்படுகிற ஆபீஸாக இருந்தால், அது நான்கு வாரத்துக்கு முன்னாலேயே தெரிந்ததும் நல்லதுக்குத்தான்.

யார் தருவார்கள் என்பதையும் ஓரளவு கணித்துக்கொள்ளலாம். மும்பை, டெல்லி, சென்னையில் கம்பெனி வேலை பார்க்கிற பெரிய சட்ட நிறுவனங்களில் பலவற்றில் ஊக்கத்தொகை உண்டு. அங்கே இடம் கிடைக்கப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நான்காம், ஐந்தாம் வருட மாணவர்களைத்தான் அதிகம் எடுப்பார்கள், பிறகு வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று பார்ப்பதற்காக. ஆராய்ச்சிக் குறிப்பு, ஒப்பந்தத்தில் பிழை பார்ப்பது, பழைய தீர்ப்பு தேடுவது என்று ராத்திரி வரை வேலை இருக்கும். தனி வக்கீலின் ஆபீஸில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. சில சீனியர்கள் கிளம்புகிற அன்று ஒரு கவரைக் கையில் வைப்பார்கள். அதைக் கணக்கில் சேர்க்காதே. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 தருகிறதே என்று சித்தி மகள் கேட்டாள். அது முழுநேரம் படித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு இல்லை.

இப்போது என் கதை. மூன்றாம் வருடத்தில் சென்னையில் ஒரு ஆபீஸ், பெயர் வேண்டாம். சாப்பாட்டோடு விடுதி 6,500. ஊருக்குள் பஸ், ஷேர் ஆட்டோ 1,800. போக வர 1,400. ஜெராக்ஸும் சில்லறையும் 900. மொத்தம் 10,600 ரூபாய். கோட்டுக்கு ஆனது தனி. நான்கு வாரமும் நான் பார்த்த வேலை, கட்டுகளுக்குப் பக்க எண் போடுவதும் யாருக்கோ டீ சொல்லிவிடுவதும். கோர்ட்டுக்குக் கூட்டிப்போனது மூன்று நாள். கடைசியில் ஒரு சான்றிதழ் கிடைத்தது, அதிலும் என் இனிஷியல் தப்பு. அந்த 10,600ஐச் சேர்க்க அம்மா எத்தனை சனிக்கிழமை பார்த்திருப்பார் என்று ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் விரல் விட்டு எண்ணினேன். சென்னை என்ற பெயருக்காகப் போனேன். தப்பு என்னுடையதுதான், கேட்க வேண்டியதை நான் கேட்கவேயில்லை.

அடுத்த லீவில் சிவகாசி கோர்ட்டில் ஒரு சீனியரிடம் போனேன். அங்கேயும் சம்பளம் இல்லை, ஆனால் வீட்டுச் சாப்பாடு, வீட்டுப் படுக்கை. (இப்போதென்றால் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசும் இல்லை.) சிவகாசி வியாபார ஊர். செக் கேஸ் நிறைய. முதல் வாரமே அவர் என் கையில் ஒரு கட்டைக் கொடுத்து, "தேதி எல்லாம் எழுதிக் கொண்டா" என்றார். செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் வழக்கு. புத்தகத்தில் மூன்று தடவை படித்தும் நிற்காதது, ஒரு நாள் பிந்திப் போன அந்தக் கட்டைப் பார்த்ததும் மண்டையில் ஏறிவிட்டது. வக்காலத்து எப்படிப் போடுவது, நகல் மனு எங்கே கொடுப்பது, வாய்தா தேதியை எப்படிக் குறிப்பது, இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது குமாஸ்தா அண்ணன்தான். எந்த ஆபீஸுக்குப் போனாலும் குமாஸ்தாவை முதலில் மதி.

காசு தராத இடத்தில் வேலையைக் கூலியாகக் கேள். "சார், ஒரு நோட்டீஸாவது நானே எழுதிக் காட்டலாமா? கட்சிக்காரர் வரும்போது பக்கத்தில் உட்காரலாமா? ஒரு குறுக்கு விசாரணையை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும்." இந்த மூன்றையும் முதல் நாளே சொல்லிவிடு. இது தயவு கேட்பது இல்லை. கடைசி வருடங்களில் வரும் 100 மதிப்பெண் பயிற்சித் தாளில், விசாரணை பார்த்து எழுதுவதற்கு 30, கட்சிக்காரர் பேட்டிக்கும் இன்டர்ன்ஷிப் டைரிக்கும் சேர்த்து 30. டைரியை அன்றன்று எழுது. வழக்கு எண், கோர்ட், என்ன நடந்தது, நீ என்ன செய்தாய். கட்சிக்காரர் பெயரும் ரகசியமும் மட்டும் அதில் ஏறக் கூடாது.

நம்மிடம் ஒரு சரக்கு இருக்கிறது, அதை நாமே மதிப்பதில்லை. ஒருமுறை நான் இன்டர்னாகப் போன ஒரு ஆபீஸில் பட்டாசு ஆலை விபத்து இழப்பீட்டு வழக்கில் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். மருந்து கலக்குகிற அறைக்கும் மருந்து செலுத்துகிற அறைக்கும் என்ன வித்தியாசம், போர்மேன் எங்கே நிற்பார், கூலி நாள் கணக்கா உருப்படிக் கணக்கா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும், நான் அதைக் கேட்டு வளர்ந்தவள். அன்றிலிருந்து எனக்கு நாற்காலி கிடைத்தது. 2018 அக்டோபரில் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும், 2021 பிப்ரவரி அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தைப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று சொன்ன உத்தரவையும் படித்துவிட்டுப் போ. சரவெடிக்கு ஏன் தடை வந்தது என்று தாயில்பட்டிக்காரியிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள்?

பணம் செலவழிக்காமல் வாரக் கணக்கை நிரப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் நல்ல இடம். நம் மாவட்ட நீதிமன்றம் அங்கேதான், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். கல்லூரி முதல்வர் கடிதத்தோடு போய்க் கேள். மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. அங்கே சொந்தக்காரர் வீடு இருந்தால் அந்த நான்கு வாரம் வெட்கப்படாமல் போய்த் தங்கு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் வருகிற 1,000 ரூபாயை அந்த மாதத்துக்கென்று எடுத்துவை.

இன்னொன்று, அம்மாக்கள் கேட்காமல் மனதில் வைத்திருப்பது. கடைசி பஸ் நேரத்தை முதல் நாளே ஆபீஸில் சொல்லிவிடு. சீனியர் ராத்திரி அறைக்கு வரச் சொன்னாலோ, பேச்சு தடம் மாறினாலோ, சான்றிதழுக்காகப் பொறுத்துக்கொள்ளாதே. 2013ஆம் வருடப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறவருக்கும், பயிற்சிக்கு வந்தவருக்கும் பொருந்தும். பத்துப் பேர் இல்லாத ஆபீஸ் என்றால் அங்கே குழு இருக்காது. அதற்காகவே மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு உண்டு, புகாரை அங்கே கொடுக்கலாம். 15100 என்ற சட்ட உதவி எண்ணையும் போனில் ஏற்றிவை.

படிப்பு முடிந்த பிறகு ஆகிற செலவுக்கு ஒரு நல்ல செய்தி: என்ரோல்மென்ட் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்க்கு மேல் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் காலத்தில் இதற்காக ஒரு கம்மலை அடகு வைத்தோம்.

கறுப்புக் கோட்டுக்கு இப்போதே காசு கொடுக்காதே. என்னுடைய முதல் கோட் பீரோவில் நன்றாகத்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. கை மட்டும் உனக்கு ஒரு இஞ்ச் நீளமாக இருக்கும், டெய்லரிடம் கொடுத்து மடித்துத் தைத்துக்கொள். வெட்டிவிடச் சொல்லாதே, உனக்கு அடுத்து இன்னொருத்தி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.