நிறுவும் கெர்னலில் எந்த டிரைவர்கள் இருக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் பள்ளிக்கு நன்கொடையாகப் பழைய கணினிகள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு மாடல். எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ் போட ஒரே பென்டிரைவ் தயாரிக்கப் போகிறேன். கெர்னலை நானே கம்பைல் செய்து, எல்லா டிரைவர்களையும் அதற்குள்ளேயே சேர்த்துவிடலாமா? தேவையில்லாததை நீக்கிச் சின்னதாக்குவதுதான் நல்லது என்கிறார் நண்பர்.
— கணினி ஆசிரியர் ஒருவர்

பதில்: இரண்டுமே வேண்டாம். டெபியன் தரும் கெர்னலையே வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் தானாக வந்து சேரும்.

உங்கள் நண்பர் சொல்வது ஃப்ளாப்பி காலத்து வழக்கம். அன்று அது சரியாகவும் இருந்தது. 1.44 எம்பி தட்டுக்குள் கெர்னல் அடங்கியாக வேண்டும். அதனால்தான் 2002-இல் வந்த டெபியன் 3.0-இல் 'காம்பேக்ட்', 'ஐடிஇ-பிசிஐ' என்று தனித்தனி நிறுவும் கெர்னல்கள் இருந்தன. இடம் மட்டுமல்ல, ஐஎஸ்ஏ அட்டைகளும் ஒரு தலைவலி. அவை தம்மை யாரென்று சொல்லிக்கொள்ளாது. டிரைவர்தான் 300 போன்ற ஒரு முகவரியைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும். அங்கே வேறு அட்டை உட்கார்ந்திருந்தால் கணினி அப்படியே உறைந்துபோகும். டிரைவர் கூடக்கூட ஆபத்தும் கூடியது.

பிசிஐ வந்தபின் நிலைமை மாறியது. ஒவ்வொரு சாதனமும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் தானே சொல்கிறது. 8086 என்றால் இன்டெல். அந்த எண்ணுக்குப் பொருந்தும் மாட்யூல், அதாவது தனி ஃபைலாக இருக்கும் டிரைவர், மட்டுமே நினைவகத்தில் ஏறுகிறது. மற்றவை கிடந்த இடத்திலேயே கிடக்கும். கெர்னலுக்குள் கட்டிய டிரைவரோ, சாதனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும், கழற்றவும் முடியாது. குறைந்த ரேம் உள்ள பழைய கணினிக்கு அது சுமைதான்.

ஆகவே நிறுவும் கெர்னலைப் பற்றிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மீதி டிரைவர்கள் இருக்கும் இடத்தை எட்ட எது வேண்டும்? யுஎஸ்பி, பென்டிரைவின் ஃபைல் சிஸ்டம், சாட்டா, என்விஎம்இ, பழைய ஐடிஇ, கீபோர்டு, நெட்வொர்க். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் ஏதோ ஒரு கணினியில் நிறுவல் பாதியில் நின்றுவிடலாம். ஒலியும் கேமராவும் பிறகு வரட்டும்.

வைஃபை ஃபர்ம்வேரும் இந்தப் பட்டியலைச் சேர்ந்ததே. அது சுதந்திர மென்பொருள் அல்ல என்பதால் டெபியன் நெடுங்காலம் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. வைஃபை மட்டுமே உள்ளவர் அதை எப்படித்தான் டவுன்லோடு செய்வார்? 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து மாற்றினார்கள்; 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே இருக்கிறது. கொள்கையில் கொஞ்சம் இறங்கிவந்தார்கள்தான். ஆனால் கையில் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவரை நினைத்துத்தான் இயல்பிருப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்பதால், அந்த முடிவை மனதார வரவேற்கிறேன்.

'எக்ஸ்பர்ட்' முறையில் நிறுவினால், கணினி தொடங்கும்போது கெர்னலோடு ஏறும் டிரைவர் தொகுப்பான இனிட்ஆர்டி பற்றி ஒரு கேள்வி வரும்: எல்லா டிரைவர்களுமா, இந்தக் கணினிக்கு வேண்டியவை மட்டுமா? முன்னதையே தேர்ந்தெடுங்கள். உங்கள் அறையில் ஒரு கணினியின் ஹார்டு டிஸ்க்கை இன்னொன்றில் மாட்டும் நாள் நிச்சயம் வரும். டிஸ்க் கண்ட்ரோலருக்கான டிரைவர் இல்லையென்றால் கருப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும்.

வேலையைத் தொடங்குமுன் பிராசசர்களைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் பிசிக்கான நிறுவியும் கெர்னலும் இல்லை. அப்படிப்பட்ட கணினிகளுக்கு டெபியன் 12-இன் 32-பிட் நிறுவியைத் தனிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.