தாயின் படிப்பும் குழந்தையின் உயிரும்

கேள்வி: ஏழை நாடுகளில் தாய் படித்திருந்தால் குழந்தை இறப்பு குறைகிறது என்கிறார்கள். அது வசதியின் விளைவுதானே?

பதில்: வசதி ஒரு பகுதிதான். நைஜீரியாவின் இபாதான் பகுதித் தரவுகளை ஆராய்ந்த ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல், 1979-இல் இதை எடுத்துக்காட்டினார். கணவரின் படிப்பும் தொழிலும் ஒரேமாதிரி இருந்தாலும், படித்த தாயின் பிள்ளைகளே அதிகம் பிழைத்தார்கள்.

இதற்குப் பாடநூல் சுகாதாரம் முக்கியக் காரணம் அன்று. வீட்டுக்குள் அதிகாரம் இடம் மாறுவதையே கால்டுவெல் வலியுறுத்தினார். அப்பகுதியில் வாழும் யோருபா இனத்தவரின் கூட்டுக்குடும்பங்களில் குழந்தைக்கு நோய் கண்டால் என்ன செய்வதென்று மாமியாரும் பெரியவர்களுமே முடிவெடுத்தார்கள். படித்த மருமகள் அந்த அனுமதிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறாள். குணமாகவில்லை என்றால் மறுபடி போய்க் கேட்கிறாள். அங்கிருப்பவர்களும் அவள் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். கடும் வயிற்றுப்போக்கில் ஒருநாள் தாமதமே உயிரைப் பறித்துவிடும் என்பதால் இந்தத் துணிச்சல் மிகப் பெரிது.

மாற்றுக் கருத்தும் உண்டு. 22 நாடுகளின் தரவுகளை 1998-இல் ஆராய்ந்த சோனால்டே தேசாய், சௌமியா ஆல்வா இருவரும், குழாய்நீர், கழிப்பறை, கணவரின் படிப்பு ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தால் இந்தத் தொடர்பு வெகுவாகத் தளர்வதைக் காட்டினர். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் ஜிம்பாப்வேயின் அனுபவம் கால்டுவெல் பக்கமே சாய்கிறது. 1980-இல் விடுதலை பெற்றதும் அங்கே உயர்நிலைப் பள்ளிகள் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பரவலாகத் திறந்தன. அந்த வாய்ப்பைப் பெற்ற வயதுப் பெண்களின் குழந்தைகள், சற்றே மூத்த பெண்களின் குழந்தைகளைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே இறந்தார்கள்.