இறுதிப் பயணத்துக்கு முன்கூட்டிய ஆயத்தம்

மாரி வருமுன் கூரை வேய்கிறோம். அடுத்த போகத்துக்கு விதைநெல்லை ஒதுக்கி வைக்கிறோம். பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அதன் கலியாணத்துக்குச் சேர்க்கிறோம. ஆனால் தவறாமல் வரப்போகும் சாவைப் பற்றி மட்டும் எமது வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. பேச்சை எடுத்தால், "விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன கதை" என்று ஆச்சி அதட்டுவார். அந்த ஆச்சியின் றங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தால், அடியில் ஒரு வெள்ளைச் சேலையும் செபமாலையும் முடிச்சில் கொஞ்சக் காசும் இருக்கும். அவர் ஆயத்தமாகத்தான் இருக்கிறார், சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சொல்லாமல் விட்டதனால் வந்த ஒரு கஷ்டத்தை நாம் அருகிலிருந்து பார்த்தோம். கரையோரக் கிராமம் ஒன்றில் தொழிலாளி ஒருவர் திடீரென இறந்தார். பிள்ளைகளில் இருவர் வெளிநாட்டில். அவர்கள் வரும்வரை உடலைப் பதப்படுத்தி ஐந்து நாட்கள் வீட்டில் வைத்தார்கள். ஐந்து நாளும் பந்தல், கதிரை, வெளிச்சம், வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் சாப்பாடும், பிறகு வீடியோ, பாண்ட் வாத்தியம், வெடி. கடைசியில் ஒரு பிள்ளைக்கு விசா கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்த கையோடு தாயின் நகை அடைவுக்குப் போனது, அதற்கும் போதாமல் வள்ளத்தின் இயந்திரமும் போனது. இயந்திரம் இல்லாத வீட்டில் அடுத்த பருவம் யார் தொழிலுக்குப் போவது? "அவர் இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருக்கமாட்டார்" என்று அந்தத் தாய் எம்மிடம் சொன்னார். அவர் உயிரோடு இருந்தபோது அதை யாரிடமாவது சொல்லியிருந்தால், பிள்ளைகளும் ஊர் வாய்க்குப் பயப்படாமல் அதன்படி செய்திருப்பார்கள்.

இந்தச் செலவுகளில் எவற்றைத் திருச்சபை கேட்கிறது? ஒன்றையுமே கேட்கவில்லை. 1969ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்ட அடக்கச் சடங்கு முறை மூன்று இடங்களில் நடக்கிறது. வீட்டில் உறவினரும் அயலவரும் கூடிச் செபிக்கும் விழிப்பு, ஆலயத்தில் திருப்பலி, சேமக்காலையில் கல்லறையை மந்திரித்து உடலை ஒப்படைத்தல். இதற்கு வேண்டியவை பாஸ்கா மெழுகுதிரி, தீர்த்தம், தூபம், வாசகம் வாசிக்கவும் பாட்டுப் பாடவும் தெரிந்த சிலர். இவையெல்லாம் ஏற்கனவே பங்கில் இருப்பவை. காணிக்கை கொடுக்க வழியில்லை என்பதற்காக ஏழை ஒருவருக்கு உரிய அடக்கச் சடங்கு இல்லாமல் போகக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் (1181) தெளிவாகச் சொல்கிறது. ஆகவே காசில்லை என்று பங்குத்தந்தையிடம் போகக் கூச்சப்பட வேண்டாம்.

நாளைத் தீர்மானிக்குமுன் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய வியாழனிலும் அதைத் தொடரும் பாஸ்கா முந்நாட்களிலும், கடன் திருநாட்களிலும், திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்காக்காலம் ஆகியவற்றின் ஞாயிறுகளிலும் அடக்கத் திருப்பலி வைக்க முடியாது. அந்நாட்களில் திருப்பலியின்றிச் சடங்கை நடத்தலாம், திருப்பலியை வேறொரு நாளில் ஒப்புக்கொடுக்கலாம். ஞாயிறு என்றால் எல்லோருக்கும் லீவு என்று எண்ணி நோட்டீஸ் அடித்துவிட்டுப் பிறகு மனவருத்தப்படுகிறவர்கள் உண்டு.

நோயாளி இருக்கும் வீட்டில் குருவானவரை அழைக்கப் பயப்படுவது எமது ஊர்களில் இன்னும் போகவில்லை. 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயர்தான் இந்தப் பயத்துக்குக் காரணம் என்பது எமது எண்ணம். சுவாமி படலையைத் திறந்தால் முடிவு வந்துவிட்டது என்று நோயாளியே நினைத்துவிடுகிறார். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்த அருட்சாதனத்தின் முறையைப் புதுப்பித்தார். கடும் நோயுற்றவரும் முதுமையால் தளர்ந்தவரும் நினைவோடு இருக்கும்போதே நோயில் பூசுதலைப் பெறலாம், நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு உரியது வழியுணவாகிய நற்கருணை. மூச்சு நின்றபின் சுவாமியிடம் ஆள் அனுப்புவதில் இரண்டும் தவறிப்போகின்றன.

புதைப்பதா எரிப்பதா என்ற கேள்வியும் இப்போது அடிக்கடி வருகிறது. தகனத்துக்கு இருந்த தடை 1963இல் தளர்த்தப்பட்டது. புதைப்பதையே திருச்சபை விரும்பிப் பரிந்துரைக்கிறது, ஆனால் கிறிஸ்தவப் போதனைக்கு முரணான காரணத்துக்காக அல்லாவிட்டால் தகனத்தைத் தடுக்கவில்லை. 2016இல் உரோமையிலிருந்து வந்த அறிவுறுத்தலின்படி சாம்பலைச் சேமக்காலை போன்ற புனித இடத்தில் வைக்கவேண்டும். கடலில் கரைப்பதும், வீட்டில் வைத்துக்கொள்வதும், பிள்ளைகளுக்குள் பங்கிடுவதும் கூடாது.

இடம்பெயர்ந்து வேறு பங்கில் குடியிருப்போர் பலர், "என்னை எங்கள் ஊரில் அப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள்" என்று கேட்பார்கள். அது அவர்களுடைய உரிமை. அடக்கத்துக்கான ஆலயத்தையும் சேமக்காலையையும் ஒருவர் தாமே தெரிவு செய்யலாம். அந்த ஆலயத்துக்குப் பொறுப்பானவரின் சம்மதமும் சொந்தப் பங்குத்தந்தைக்கு அறிவித்தலும் வேண்டும். வாகனச் செலவையும் முன்னரே விசாரித்து வைக்கவேண்டும்.

மெதுவாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்றும் உண்டு. நஞ்சருந்தியோ வேறு விதமாகவோ தம் உயிரை மாய்த்துக்கொண்டவருக்குக் கோவிலில் இடமில்லை என்று பெரியவர்கள் சிலர் இன்னும் சொல்கிறார்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு தடை இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது. அந்தக் குடும்பம் ஏற்கனவே நொந்திருக்கிறது, மூப்பரோ அயலவரோ மேலும் ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் காகித வேலை. வீட்டில் மரணம் நேர்ந்தால் கிராம உத்தியோகத்தரிடம் அறிவித்து அவருடைய அறிக்கையோடு ஐந்து நாட்களுக்குள் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதியவேண்டும். திடீர் மரணம், விபத்து என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரியின் விசாரணை முடியும்வரை அடக்கத்துக்கு நாள் குறிக்கக்கூடாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, வங்கிப் புத்தகம், காணி உறுதி எல்லாம் ஒரே உறையில் இருந்தால் துக்கத்தில் இருப்பவர்கள் அலுமாரியைக் கிளற வேண்டியதில்லை. காணி யாருக்கு என்பதை அடக்க விருப்பங்களோடு சேர்த்துக் கொப்பியில் எழுதிக் கையொப்பமிட்டால் மட்டும் சட்டத்துக்குப் போதாது. மரணசாதனம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகளோடு கையொப்பமிடப்பட வேண்டும்.

பணத்துக்கு எமது கிராமங்கள் கண்ட நல்ல வழி மரண உதவிச் சங்கம். வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை. யார் இறந்தாலும் அன்றைக்கே பெட்டிக்கும் அவசரச் செலவுக்கும் காசு கைக்கு வரும். கதிரை, தறப்பாள், பெரிய பானைகளைச் சங்கமே வாங்கி வைத்தால் வாடகையும் மிச்சம். சங்கங்கள் முறிவது பெரும்பாலும் கணக்கினால்தான். காசு ஒருவருடைய வீட்டில் இருக்காமல் வங்கியில் இருவரின் கையொப்பத்தில் இருக்கட்டும், வரவு செலவை ஆண்டுக்கொருமுறையாவது கூட்டத்தில் வாசிக்கட்டும். வெடியும் பாண்டும் வேண்டாம், பிரேதத்தை இத்தனை நாளுக்கு மேல் வைப்பதில்லை என்று சங்கமே தீர்மானித்துவிட்டால், ஏழை வீட்டுக்கும் வசதியான வீட்டுக்கும் ஒரே முறை. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஓர் அப்பியாசக் கொப்பி போதும். எந்தச் சேமக்காலை, எந்தத் திருப்பாடல், எந்த வாசகம், யாருக்குத் தந்தி போல உடனே அறிவிக்க வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று எழுதி, மனைவிக்கோ மூத்த பிள்ளைக்கோ வாசித்துக் காட்டி, பெட்டியில் வையுங்கள். கார்த்திகை 2ஆம் திகதி, சகல ஆன்மாக்களின் நாளில், சேமக்காலைக்குப் போய்ப் புல் செதுக்கித் திரி கொளுத்திவிட்டு வரும் மாலையில், வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது இந்தப் பேச்சைத் தொடங்குவது எளிது. அன்றைக்கு ஆச்சியும் அதட்டமாட்டார்.