பழம் பறித்த பின் எட்டு மணி நேரம்: ருவாண்டாவில் காப்பி தலையெடுத்த விதம்

கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டாவை ‘ஆயிரம் குன்றுகளின் நாடு’ என்பார்கள். அங்கே பெரிய காப்பித் தோட்டங்கள் மிகக் குறைவு. சுமார் 4 இலட்சம் குடும்பங்கள் காப்பி பயிரிடுகின்றன. பல குடும்பங்களிடம் இருப்பவை சில நூறு செடிகளே. வாழை, பீன்ஸ், மரவள்ளி போக மீதமுள்ள துண்டு நிலத்தில்தான் காப்பி. குளிர்ந்த மலை, நல்ல மழை, அராபிகாவில் உயர்ந்ததான போர்பன் இனம் எல்லாம் இருந்தும், 2000-ம் ஆண்டு வரை அந்நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் மட்டரகமாகவே விலைபோயிற்று.

குறை செடியில் இல்லை. பெல்ஜியர் ஆண்ட காலத்தில் காப்பி நட வேண்டும் என்று குடியானவர்களைக் கட்டாயப்படுத்தினார்கள். எப்படிப் பக்குவப்படுத்துவது என்பதில் யாரும் அக்கறை காட்டவில்லை. பழத்தை வீட்டிலேயே கல்லாலோ கை எந்திரத்தாலோ நசுக்கி, கிடைத்த தண்ணீரில் ஊறவைத்து, தரையில் பாய் விரித்து உலர்த்தினார்கள். நன்றாகச் செய்தவருக்கும் ஒரே விலை, அரைகுறையாகச் செய்தவருக்கும் அதே விலை. அப்படியிருக்க, யார் மெனக்கெடுவார்? 1989-ல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீட்டு முறை முறிந்து விலை சரிந்தது. 1994-ல் நடந்த இனப்படுகொலையில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தோட்டங்கள் கவனிப்பாரின்றிப் புதராயின.

நாட்டின் தெற்கே மராபா என்ற பகுதியில் 1999-ல் ஏறக்குறைய 220 விவசாயிகள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். கணவரை இழந்த பெண்கள் அதில் பலர். ‘ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைப்போர்’ என்பது சங்கத்தின் பெயருக்குப் பொருள். ருவாண்டா தேசியப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஆகியவையும் உதவிக்கு வந்தன. 2001-ல் அங்கே ஒரு கழுவு நிலையம் எழுந்தது.

கழுவு நிலையத்தில் நடப்பது இதுதான். நன்கு சிவந்த பழத்தை மட்டும் பறித்து அன்றே கொண்டுவர வேண்டும். பறித்த எட்டு மணி நேரத்துக்குள் தோலுரித்துவிட வேண்டும்; தாமதித்தால் பழம் சாக்கிலேயே புளித்து, கொட்டையில் கெட்ட வாடை ஏறிவிடும். முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி, மிதப்பதைக் கழிக்கிறார்கள். பிறகு தோல் நீக்கி, வழவழப்பு விட்டுப்போகும்வரை 12 முதல் 18 மணி நேரம் தொட்டியில் நொதிக்கவிடுகிறார்கள். நீரோடும் கால்வாயில் அலசும்போது கனத்த கொட்டை தங்கும், இலேசானது முன்னே ஓடும். தரம் அங்கேயே பிரிந்துவிடும். கடைசியில் இடுப்பளவு உயர வலைமேசையில் பரப்பி, பெண்கள் கையால் பொறுக்க, இரண்டு வாரம் நிதானமாக உலர்கிறது. கொட்டி உலர்த்திவிட்டு வேறு வேலைக்குப் போக முடியாது. மழைக்கும் உச்சி வெயிலுக்கும் மூட வேண்டும். ஈரம் 11, 12 சதவீதத்துக்கு இறங்கினால் போதும்.

இத்தனைக்கும் பலன் உண்டா என்றால், உண்டு. சாதாரணக் காப்பி உலகச் சந்தையில் கிலோ 1 டாலர் அளவில் கிடந்த 2002-ல், அமெரிக்க நிறுவனம் ஒன்று மராபா காப்பியைக் கிலோ சுமார் 3 டாலருக்கு வாங்கிற்று. அதன்பின் நாடெங்கும் நிலையங்கள் பெருகி, பத்தாண்டுகளில் 200-ஐ நெருங்கின. 2008-ல் உயர்தரக் காப்பிக்கான ‘கப் ஆஃப் எக்சலன்ஸ்’ போட்டி ஆப்பிரிக்காவில் முதன்முதலாக ருவாண்டாவில்தான் நடந்தது.

ஆனால் ஒரு பூச்சி இந்த உழைப்பையெல்லாம் கெடுக்கும். ஆன்டெஸ்டியா என்ற நாவாய்ப்பூச்சி காய்களைக் குத்திச் சாறு உறிஞ்சுகிறது. அது தாக்கிய கொட்டைகளில் சில, பச்சை உருளைக்கிழங்கு வாடை பெறுகின்றன. உலர்ந்த கொட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. காப்பி போடும்போதுதான் தெரியும். ஒரே ஒரு கொட்டை ஒரு கோப்பையைப் பாழாக்கும். கிளை நெருங்கிய, நிழலடைந்த செடியே இப்பூச்சிக்கு வசதி. எனவே கவாத்து செய்து செடிக்குள் வெளிச்சம் விடுவதே முதல் மருந்து என்பேன். அங்கேயே விளையும் பைரெத்ரம் பூவின் மருந்தும் தெளிக்கிறார்கள். பூச்சி குத்திய பழங்களில் பல மிதக்கும்; அதனால்தான் அந்த முதல் தொட்டியை அலட்சியம் செய்யக் கூடாது.

பணத்தில்தான் சங்கங்கள் தடுமாறின. சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டைதான் தேறும். அது விற்றுப் பணம் வர மாதங்கள் ஆகும். விவசாயிக்கோ பழம் நிறுத்த அன்றே பணம் வேண்டும். கையிருப்பு இல்லாத சங்கம் கடனுக்குப் பழம் கேட்டது. வியாபாரி ரொக்கம் கொடுத்தான். பழம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிலையங்களும் பழத்துக்குப் போட்டியிட்டு, பல தம் கொள்ளளவு நிரம்பாமலே ஓடின. பருவ முடிவில் உபரியைப் பங்கிட்டு இரண்டாம் தவணை கொடுத்து, கணக்கையும் உறுப்பினர் முன் படித்துக் காட்டிய சங்கத்துக்கே அடுத்த பருவமும் பழம் வந்தது.

மரங்களின் வயது இன்னொரு கவலை. 30 ஆண்டைத் தாண்டியவை ஏராளம். அடியிலிருந்து ஓரடி விட்டு வெட்டினால் புதுத் துளிர் வரும். அதில் இரண்டு, மூன்றை நிறுத்தி வளர்க்கலாம். ஆனால் இரண்டு ஆண்டு மகசூல் இராது. சில நூறு செடியே உள்ளவர் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வெட்டிவிட்டு எதை உண்பார்? ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்காக வெட்டினால் நான்காம் ஆண்டில் தோட்டம் முழுவதும் புதிதாகிவிடும். அதுவரை மிச்சமுள்ள செடிகளின் பழம் வீட்டுச் செலவுக்கு வந்துகொண்டிருக்கும்.