பீவருக்கு ஏற்ற காற்பொறி

வட அமெரிக்காவின் ஓடைகளில் மரங்களை வீழ்த்தி அணை கட்டும் பீவர், கொறிக்கும் விலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அவ்வணைகளால் வயல்களிலும் சாலைகளிலும் நீர் தேங்கும்போது, இதனைப் பிடிக்கக் காற்பொறி வைப்பதுண்டு. பொறியைத் தேர்பவர் முதலில் கருத வேண்டியது விலங்கின் எடையை அன்று; அதன் பாதத்தையே.

பீவரின் முன்பாதம் சிறியது, எலும்புகளும் மெல்லியவை. வலிய வில்லுடைய பொறி அதனைக் கவ்வினால் எலும்பு முறியும். பாதத்தை இழந்த விலங்கு ஊனத்துடன் தப்பிவிடும். பின்பாதமோ விரல்களிடையே தோல் படர்ந்து, ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ளது. சிறு பொறியின் தாடைகள் விரல் நுனிகளை மட்டும் பற்றி நழுவவிடும். ஆகவே, விரிந்த தாடைகளின் அகலம் 15 செ.மீ.க்குக் குறையாதிருத்தல் நலம். நியூயார்க் மாநிலத்து ஒனைடாவில் 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட நியூஹவுஸ் 4ஆம் எண் பொறி இத்தகையது. அதற்கு நெடுவில் இரண்டு.

அளவு சரியாயினும் இடம் தவறினால் பயனில்லை. நீந்தி வரும் பீவர் கரையருகே பின்கால்களைத் தாழ்த்தும். எனவே பொறி 20 செ.மீ.க்கு மேற்பட்ட ஆழத்தில் அமைதல் வேண்டும். விளிம்பில் வைத்தால் முன்பாதமே சிக்கும்.

பிடிபட்ட விலங்கு ஆழ்நீருக்குள் பாயும். கம்பியில் ஒரு திசையில் மட்டும் நழுவும் பூட்டு அதனை மேலெழவிடாது. 15 நிமிடம் வரை மூச்சடக்கவல்ல பீவருக்கு இம்முடிவு விரைவானதன்று. இத்தகைய துன்பங்களைக் கருதியே ஐரோப்பியச் சமூகம் 1991இல் விதி இயற்றி, 1995 முதல் தன் எல்லைக்குள் காற்பொறியை விலக்கியது.