ஆங்கிலப் பாடம்: மறந்ததைச் சொல்வது எப்படி?

ஐ.ஈ.எல்.டி.எஸ். பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். 2ஆம் பகுதியில் ஓர் அட்டை தருவார்கள். "முக்கியமான ஒன்றை மறந்த சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்று அதில் வரலாம். யோசிக்க 1 நிமிடம். பேச 2 நிமிடம் வரை.

பாடமாக்கி ஒப்புவிக்காதீங்க, பரீட்சகர் கண்டுபிடிச்சிடுவார். பதில் நம்ம வாழ்க்கையிலேயே இருக்கு. அடையாள அட்டையை லயத்தில் விட்டுட்டுப் பரீட்சைக்குப் போனதும், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அம்மா அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்ததும் நல்ல பதில்தான். எப்போது, எங்கே, என்ன, பிறகு என்ன நடந்தது என வரிசையாகச் சொல்லுங்கள்.

கவனிக்க:

1. விட்டுவந்த இடத்தைச் சொல்லும்போது 'ஃபர்கொட்' வேண்டாம். 'ஐ லெஃப்ட் மை கார்ட் அட் ஹோம்' என்பதே சரி.

2. நமக்கே நினைவிருந்தால் 'ரிமெம்பர்'. இன்னொருவர் ஞாபகப்படுத்தினால் 'ரிமைண்ட்': 'மை மதர் ரிமைண்டட் மீ.'

3. பேசும்போது ஒரு சொல் மறந்துபோனால் நின்றுவிடாதீங்க. வேறு சொற்களால் விளக்குங்கள்; அந்தத் திறமைக்கும் மதிப்பு உண்டு.

இன்றிரவே வீட்டில் 2 நிமிடம் சத்தமாகப் பேசிப் பாருங்கள். பெற்றோரே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளையின் கூச்சம் போகும்.